எது போக வேண்டும், எது போகக் கூடாது

மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் மிகவும் பயந்தது ஃபயர்வாலைத் தொடத்தான். சர்வரில் டிஸ்க் போனால் பேக்கப் இருந்தது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருந்தது. ஃபயர்வாலில் ஒரு வரியை மாற்றினால் எந்த வார்டில் எது நிற்கும் என்பதை மட்டும் எங்கள் பிரிவில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இணையத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையில், ஆய்வகத்துக்கும் பில்லிங்குக்கும் இடையில், வெளியாட்கள் பயன்படுத்தும் வைஃபைக்கும் நோயாளிகளின் பதிவேடுகளுக்கும் இடையில் அந்த ஒரு பெட்டிதான் நின்றது. அதில் வேலை இருக்கிறது என்றால் முந்தின இரவு எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பயம் எப்படிப் போயிற்று என்பதை எழுதுகிறேன். எங்களைப் போலச் சிறிய கணினிப் பிரிவு வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சர்வரில் டெபியன் லினக்ஸ் 8 போட்டு, ஐபிடேபிள்ஸ் என்ற கருவியில் விதிகளை எழுதி அந்த ஃபயர்வாலை அமைத்திருந்தார். நன்றாகவே அமைத்திருந்தார். ஆண்டுக்கணக்கில் அது குறையில்லாமல் ஓடியது. ஆனால் விதிகள் வளர்ந்துகொண்டே போயின. புது ஸ்கேன் இயந்திரம் வந்தால் சில வரிகள் சேரும். காப்பீட்டு நிறுவனத்தின் தளம் முகவரி மாறினால் இன்னும் சில வரிகள் சேரும். எந்த வரி எதற்காக என்பது எழுதியவருக்குத் தெரியும். அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

டெபியன் 8-க்கான நீட்டித்த பாதுகாப்பு ஆதரவு 2020 ஜூன் 30-உடன் முடிவதாக இருந்தது. அதன் பிறகு புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் பேட்ச் நமக்கு வராது. ஆகவே 2019 ஜூலையில் வெளிவந்த டெபியன் 10-க்குப் போக முடிவு செய்தோம். ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேராகப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. 8-இலிருந்து 9, அதிலிருந்து 10 என்றுதான் ஏற வேண்டும். இதே சமயத்தில் நிர்வாகம் இன்னொரு வேலையையும் கேட்டது. ஆய்வகத்து இயந்திரங்களை மற்ற கணினிகளிலிருந்து தனி நெட்வொர்க்காகப் பிரிக்க வேண்டும். அதாவது விதிகளிலும் பெரிய மாற்றம். எப்படியும் ஒரு இரவு நெட்வொர்க்கை நிறுத்தப் போகிறோம், இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று கூட்டத்தில் பேசினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஆலோசகராக வந்து போவார். அவர்தான் தடுத்தார். "தம்பி, விதியையும் மாத்தி மென்பொருளையும் மாத்திட்டு, காலையில ஒண்ணு ஓடலேன்னா எதைக் குத்தம் சொல்வீங்க? முதல்ல பழைய மென்பொருள்லயே புது விதியை ஓட்டுங்க. அது நின்னு நிலைக்கட்டும். அப்புறம் விதியில ஒரு எழுத்தும் தொடாம மென்பொருளை மாத்துங்க" என்றார். நான் கற்ற பாடத்தின் சாரம் அந்த நான்கு வாக்கியங்களில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் செயல்படுத்தும்போது தெரிந்துகொண்ட விவரங்கள்.

முதல் வேலையாகப் பட்டியல் எடுத்தேன். விதிக் கோப்பை வைத்து எடுக்கவில்லை. கோப்பு சொல்வது ஃபயர்வால் எதை அனுமதிக்கிறது என்பதை. மருத்துவமனைக்கு எது தேவை என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பிரிவாகப் போய் உட்கார்ந்தேன். மருந்தகத்தில் பில் போடும்போது எந்தத் தளம் திறக்கிறது, இரவில் எக்ஸ்ரே படங்களை வீட்டிலிருந்து பார்க்கும் டாக்டர் எப்படி உள்ளே வருகிறார், வருகைப்பதிவு இயந்திரம் எங்கே பேசுகிறது, சர்வர்கள் கடிகார நேரத்தை எங்கிருந்து எடுக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியனிடம், வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளின் முடிவு எப்படி வருகிறது என்று கேட்டேன். "அது ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தானா வந்துருமுங்க சார். காலையில வந்தா ஃபைல் இருக்கும். எப்படி வருதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றார். அந்த ஒரு பதில் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

பட்டியலை இரண்டு பத்தியாக எழுதினேன். ஒன்றில் போக வேண்டியவை, மற்றொன்றில் போகக் கூடாதவை. பலர் முதல் பத்தியை மட்டும் சோதிப்பார்கள். எல்லாம் ஓடுகிறது என்றால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்ட ஃபயர்வாலும் அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். அது காவல் வேலை செய்கிறதா என்பதை இரண்டாம் பத்திதான் சொல்லும். வரவேற்பறை வைஃபையிலிருந்து பதிவேட்டுச் சர்வரைத் தொட முடியக் கூடாது. பழைய விண்டோஸில் ஓடும் ஆய்வக இயந்திரம் இணையத்துக்குப் போகக் கூடாது. வெளியிலிருந்து யாரும் ஃபயர்வாலின் நிர்வாகப் போர்ட்டைத் தட்டக் கூடாது. இப்படி ஒவ்வொன்றையும் சோதிக்கத்தக்க ஒரு வரியாக எழுதினேன்: எங்கிருந்து, எங்கே, எந்தப் போர்ட், என்ன நடக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை முதலில் பழைய ஃபயர்வாலிலேயே ஓட்டினோம். இது மிக முக்கியம். மாற்றத்துக்கு முன்னால் நிலைமை என்ன என்று தெரியாவிட்டால், மாற்றத்துக்குப் பின் கண்ணில் படும் கோளாறு புதிதா பழையதா என்று சொல்ல முடியாது. பழைய பெட்டியிலேயே இரண்டாம் பத்தியில் ஒரு வரி தோற்றது. இயந்திரம் ஒன்றைப் பழுது பார்ப்பதற்காக எப்போதோ வெளியிலிருந்து திறந்துவிட்ட வழி இன்னும் திறந்தே கிடந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, தேவையில்லை என்று உறுதி செய்துகொண்டு மூடினோம். மென்பொருளில் இன்னும் கை வைக்கவே இல்லை. அதற்குள் மருத்துவமனைக்கு ஒரு நன்மை கிடைத்துவிட்டது.

அடுத்து, அதே மாடலில் ஓரமாகக் கிடந்த இன்னொரு சர்வரை எடுத்தோம். ஓடுகிற ஃபயர்வாலை அப்படியே நகலெடுத்து அதில் ஏற்றி, இருபுறமும் ஒவ்வொரு மடிக்கணினியை இணைத்து, அதை டெபியன் 9-க்கும் பிறகு 10-க்கும் ஏற்றிப் பார்த்தோம். விதிகளில் எதையும் மாற்றவில்லை. கோப்பு ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் ஏறியது. பட்டியலை ஓட்டியபோதுதான் மூன்று கோளாறுகள் வெளியே வந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று வேறானவை. ஒன்றுகூடக் கோப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

முதலாவது, நள்ளிரவு ஆய்வக முடிவுகள். அவை எஃப்டிபி வழியாக வந்துகொண்டிருந்தன. எஃப்டிபியில் கட்டளைகள் 21-ஆம் போர்ட்டில் போகும். கோப்பு வேறொரு போர்ட்டில் வரும், அது ஒவ்வொரு முறையும் மாறும். லினக்ஸ் கர்னலில் இதற்கென்று ஓர் உதவி நிரல் உண்டு. அது 21-ஆம் போர்ட்டில் நடக்கும் பேச்சைக் கவனித்து, அடுத்து எந்தப் போர்ட் வரப்போகிறது என்று அறிந்து வழி விடும். பழைய கர்னலில் இது தானாகவே இயங்கும். பாதுகாப்புக் காரணத்துக்காக 2016-இல் வந்த கர்னல் 4.7 முதல் அந்தத் தானியங்கி வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எந்த இணைப்புக்கு உதவி வேண்டும் என்று நாமே விதி எழுத வேண்டும். டெபியன் 8-இன் கர்னல் 3.16. டெபியன் 9-இன் கர்னல் 4.9. ஆகவே எங்கள் சோதனைப் பெட்டியில் இணைப்பு கிடைத்தது, கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டது, கோப்பு மட்டும் வரவில்லை. பகலில் மேலோட்டமாகச் சோதித்திருந்தால் 21-ஆம் போர்ட் திறந்திருக்கிறது என்று டிக் அடித்திருப்போம். கோப்பு வந்து சேருகிறதா என்று கடைசி வரை பார்த்ததால்தான் தெரிந்தது.

இரண்டாவது, விதிகள் இரண்டு இடங்களில் ஏறியது. 2001 ஜனவரியில் வந்த கர்னல் 2.4 முதல் லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் இருக்கிறது. 2014-இல் வந்த கர்னல் 3.13-இல் அதற்கு மாற்றாக என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது. டெபியன் 10-இல் ஐபிடேபிள்ஸ் என்று நாம் கொடுக்கும் கட்டளை உள்ளுக்குள் என்எஃப்டேபிள்ஸுக்குத்தான் போகும். ஆனால் டாக்டர்கள் வீட்டிலிருந்து உள்ளே வரப் பயன்படுத்தும் விபிஎன்னின் ஸ்கிரிப்ட் ஒன்று, முன்பிருந்தவர் தானே தொகுத்து வைத்த பழைய ஐபிடேபிள்ஸ் நிரலை அழைத்துக்கொண்டிருந்தது. அதனால் சில விதிகள் புதிய இடத்திலும் சில பழைய இடத்திலும் ஏறின. இரண்டுமே வேலை செய்யும். ஒரு பாக்கெட் ஓரிடத்தில் அனுமதி பெற்றாலும் மற்ற இடத்தில் தடுக்கப்பட்டால் அங்கேயே அதன் கதை முடிந்தது. ஓரிடத்து விதிகளை மட்டும் திரையில் பார்த்துக்கொண்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று ஓர் இரவு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. எங்கள் விதிகள் எல்லாம் ஈத்0, ஈத்1 என்ற நெட்வொர்க் கார்டுப் பெயர்களை வைத்து எழுதப்பட்டவை. அந்தப் பழைய பெயர்களைக் கட்டிக்காத்த முறைக்கு டெபியன் 10-இல் ஆதரவு இல்லை என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. சோதனைப் பெட்டியில் ஒரு கார்டின் பெயர் மாறிவிட்டது. இல்லாத கார்டின் பெயரில் விதி எழுதினால் ஐபிடேபிள்ஸ் மறுப்பதில்லை. நாளை அந்தக் கார்டு வரக்கூடும் என்று ஏற்றுக்கொள்ளும். விதி இருக்கும், அதில் ஒரு பாக்கெட்டும் பொருந்தாது. இதை வர்ச்சுவல் மெஷினில் சோதித்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே கார்டும் வேறு, பெயரும் வேறு. அதே மாடல் சர்வரைத் தேடி எடுத்த உழைப்புக்கு இந்த ஒன்றே போதுமான பலன்.

அப்கிரேடில் விதிகளின் பொருள் மாறுவது லினக்ஸுக்கு மட்டும் உரியதன்று. 2010-இல் சிஸ்கோ தன் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் 8.3 பதிப்பைக் கொண்டுவந்தபோது முகவரி மாற்றும் முறை முழுவதும் மாறியது. வெளியிலிருந்து வரும் போக்குவரத்துக்கான விதியில் அதுவரை வெளி முகவரியை எழுதிவந்தவர்கள், அதன் பிறகு உள்ளே இருக்கும் சர்வரின் உண்மையான முகவரியை எழுத வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஓபன்பிஎஸ்டி 4.7-இல் பிஎஃப் ஃபயர்வாலின் முகவரி மாற்ற விதிகளுக்கும் இலக்கணம் மாறியது. பழைய கோப்பைக் கொடுத்தால் பிஎஃப் பிழை சொல்லி நிறுத்திவிடும். விதிகளை ஏற்றாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும் வசதியும் அதில் உண்டு. என்எஃப்டேபிள்ஸிலும் உண்டு. அவற்றைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆனால் இலக்கணம் சரி என்பதால் நோக்கம் நிறைவேறியது என்று ஆகிவிடாது. எங்கள் மூன்று கோளாறுகளும் இலக்கணச் சோதனையில் தேறியவை.

இனி பெரியவர் சொன்ன வரிசை. மூன்று கோளாறுகளுக்கும் தீர்வைப் பழைய டெபியன் 8-லேயே கொண்டுவந்தோம். கர்னல் 3.16-இல் எஃப்டிபியின் தானியங்கி உதவியை நாமே அணைக்கலாம். அதை அணைத்து, வெளிப்படையான விதியை எழுதினோம். விபிஎன் ஸ்கிரிப்டை அமைப்பின் சொந்த ஐபிடேபிள்ஸையே அழைக்கும்படி திருத்தினோம். கார்டுகளுக்கு நாங்களே நிலையான பெயர் வைத்து, விதிகளிலும் அந்தப் பெயர்களையே எழுதினோம். ஆய்வக நெட்வொர்க்கைப் பிரிக்கும் விதிகளையும் அப்போதே சேர்த்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பட்டியல் முழுவதையும் ஓட்டினோம். சில வாரங்கள் மருத்துவமனை அதிலேயே ஓடியது. அதன் பிறகுதான் அப்கிரேட் தேதி குறித்தோம்.

சோதிக்கும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. ஃபயர்வால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும். விதியை மாற்றிய பிறகும் உங்கள் பழைய எஸ்எஸ்எச் இணைப்பு உயிரோடு இருப்பது எதையும் நிரூபிக்காது. புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். டெபியனில் 'ஐபிடேபிள்ஸ்-அப்ளை' என்றொரு கருவி உண்டு. புது விதிகளை ஏற்றிவிட்டு, புதிய இணைப்பு கிடைக்கிறதா என்று அது கேட்கும். பத்து விநாடிக்குள் ஆம் என்று சொல்லாவிட்டால் பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஜூனிபரின் ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' இதே வேலையைச் செய்கிறது. அங்கே இயல்பான கெடு பத்து நிமிடம். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இவை உயிர் காக்கும் வசதிகள்.

அளவையும் சோதிக்க வேண்டும். சிறிய பக்கம் திறந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு என்று வழியில் இருக்கும் ரூட்டர் அனுப்பும் ஐசிஎம்பி செய்தியை விதி தடுத்துவிட்டால், லாகின் பக்கம் வரும், எக்ஸ்ரே படம் பாதியில் நிற்கும். ஆகவே எங்கள் பட்டியலில் விபிஎன் வரிக்கு எதிரே, முழு எக்ஸ்ரே படம் ஒன்று இறங்கி முடிய வேண்டும் என்று எழுதியிருந்தோம். தடுக்கப்படுவதைச் சோதிக்கும்போது பொறுமையும் வேண்டும். பதில் சொல்லாமல் பாக்கெட்டை வீசிவிடும் விதி என்றால், லினக்ஸில் இயல்பான அமைப்பில் இணைப்பு முயற்சி கைவிடப்பட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு முடிவு எழுதக் கூடாது.

இந்த அளவு கவனம் ஒரு மருத்துவமனைக்கு அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல விரும்புகிறேன். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் நாடு முழுவதும் விழுந்தது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 911 அவசர அழைப்புகள் பலருக்குப் போகவில்லை. இன்டராக் டெபிட் கார்டுப் பரிமாற்றம் நின்றது. ஏழு கட்டமாகத் திட்டமிட்ட ஓர் அப்கிரேடின் ஆறாம் கட்டத்தில், ரூட்டர்களிலிருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதுதான் காரணம். அந்த வடிகட்டி போனதும் தாங்க முடியாத அளவு ரூட்டிங் தகவல் மையக் கருவிகளில் பாய்ந்து அவற்றைச் சாய்த்தது. நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பியிருந்ததால் பொறியாளர்களாலேயே விரைவில் உள்ளே போக முடியவில்லை. பின்னர் வந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்த அப்கிரேட் தொடங்கியபோது அதன் அபாய அளவு 'அதிகம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால் அது 'குறைவு' என்று இறக்கப்பட்டது. ஐந்து முறை நன்றாக நடந்தது ஆறாம் முறைக்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய சோதனை தனியாக வேண்டும்.

எங்கள் அப்கிரேட் இரவில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வருக்கு முன்னாலேயே திரை, விசைப்பலகையோடு உட்கார்ந்திருந்தோம். பழைய டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். எந்த நேரத்துக்குள் பட்டியல் தேறாவிட்டால் அதையே திரும்பப் போடுவது என்று முன்கூட்டி எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். பட்டியல் இரண்டு பத்தியிலும் தேறியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பல டாக்டர்கள் வீட்டிலிருந்தே படங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. நாள்தோறும் புது விதிகள் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் சோதனைப் பெட்டியில் ஓட்டி, பட்டியலில் ஒரு வரி சேர்த்து, அன்றே கொடுக்க முடிந்தது. முந்தைய ஆண்டு அதே கோரிக்கை வந்திருந்தால் நான் கை நடுங்கியபடிதான் செய்திருப்பேன்.

ஃபயர்வால் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பயம் இருப்பதில் தவறில்லை. நோயாளிகளின் உயிரும் பிறர் பிழைப்பும் உங்கள் விதிகளை நம்பியிருக்கும்போது பயம் வரத்தான் வேண்டும். அந்தப் பயத்தை ஒரு பட்டியலாக எழுதுங்கள். போக வேண்டியவை ஒரு பத்தி, போகக் கூடாதவை ஒரு பத்தி. அதைப் பழைய மென்பொருளில் ஓட்டுங்கள், விதியை மாற்றி மீண்டும் ஓட்டுங்கள், மென்பொருளை மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். விதியையும் மென்பொருளையும் ஒரே இரவில் மாற்றச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அப்கிரேடுக்குத் தேதி குறிப்பது அந்தப் பட்டியலுக்குப் பிறகு வர வேண்டிய வேலை.